தொடக்கூடாத பாதியில் ஒரு சிட்டிகை

சேறு ஏற்றுவதற்குக் குளிர் லொறி வேண்டும் என்று ஒரு ஜெர்மன்காரர் தொலைபேசியில் கேட்டபோது, மனிதர் குடித்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்போது காலை பத்து மணி. நான் மீன் ஏற்றியிருக்கிறேன், இறால் ஏற்றியிருக்கிறேன், கலியாண வீட்டுக்கு மல்லிகைப் பூவும் ஏற்றியிருக்கிறேன். சேறு ஏற்றச் சொல்லி அதுவரை எவரும் கேட்டதில்லை.

"எத்தனை பாகை?" என்று கேட்டேன். தொழில் தெரிந்தவன் முதலில் அதைத்தான் கேட்பான்.

"நான்கு. உறையவும் கூடாது, சூடேறவும் கூடாது" என்றார்.

குடிகாரன் இவ்வளவு கறாராகப் பேசமாட்டான். ஒத்துக்கொண்டேன்.

என்னைப் பற்றி நானே கொஞ்சம் சொல்லிவிடுவது நல்லது. விட்டால் மற்றவர்கள் குறைத்துச் சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடமும் நானும் ஐந்தாம் வகுப்பில் பிரிந்தோம். இரண்டு பக்கமும் வருத்தப்படவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, ஹம் நகரில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு மீன் பெட்டி தூக்கினேன். பிறகு, கதவு சரியாக மூடாத ஒரு பழைய குளிர் வான் வாங்கினேன். இன்று என்னிடம் ஏழு குளிர் லொறிகள் இருக்கின்றன. எசன் பக்கம் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் லொறியின் விலாவில் ஆளுயரத்துக்கு என் பெயரைப் பார்க்கலாம். எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கலாம் என்று அதை எழுதிய பெயிண்டர் சொன்னான். அவனைத்தான் மாற்றினேன்.

சேற்றின் முதல் சுமைக்கு நானே ஓட்டிப் போனேன். வடக்கே ஒரு துறைமுகத்தில் ஆராய்ச்சிக் கப்பல் நின்றது. ஆழ்கடலின் அடியில் ஒரு கனமான இரும்புக் குழாயை இறக்கிக் குத்தி, உள்ளே ஏறும் சேற்றைத் தூண் மாதிரி வெளியே எடுக்கிறார்கள். அதை ஒவ்வொரு மீட்டராக வெட்டி, இரண்டு முனைக்கும் மூடி போட்டு, எது மேல் எது கீழ் என்று அம்புக்குறியும் போடுகிறார்கள். நான் ஏற்றிய எந்த மீனுக்கும் இவ்வளவு மரியாதை நடந்ததில்லை.

ஆராய்ச்சிக்கூடத்துப் பின்வாசலில் இறக்கும்போது, ஏற்றுமேடை வளைந்திருந்ததைப் பார்த்து என் வாயில் ஒரு சொல் வந்தது. இங்கே எழுதக்கூடியது அல்ல. உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், தமிழா?"

"ஓம் பிள்ளை. காதில விழுந்திட்டுதோ?"

"நல்லாவே விழுந்துச்சு. எங்க தூத்துக்குடியிலயும் இதே வார்த்தைதான்."

அவள்தான் அந்தச் சேற்றுக்குச் சொந்தக்காரி. கலாநிதிப் பட்டம் முடித்த விஞ்ஞானி. கணவன் ஆஹெனில் பொறியியலாளர். அவள் வார இறுதியில் வடக்கிலிருந்து ரயிலேறி, ஹம்மில் மாறி, ஆஹெனுக்குப் போய்வருகிறவள்.

"இந்தச் சேறு எவடத்துச் சேறு?" என்று கேட்டேன்.

"நம்ம கடல்தான். உங்க ஊருக்கும் எங்க ஊருக்கும் தெற்கால, ரொம்ப ஆழத்துல."

"அப்ப இதுவும் எங்கட ஆள். விசா ஆர் எடுத்தது?"

"அதெல்லாம் முறையா வாங்கியாச்சு. என் விசாவைவிட சீக்கிரம் கிடைச்சுது, தெரியுமா?"

சேற்றில் என்ன இருக்கிறது என்று அவள் விளக்கினாள். கடலின் மேல்மட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடி கோடியாக வாழ்ந்து சாகின்றன. அவற்றின் ஓடுகளும் குப்பையும் கீழே விழுந்து, வருடம் வருடமாகப் படிகின்றன. மேலே விளைச்சல் நல்லதென்றால் கீழே விழுவதும் கூட. அந்த ஓடுகளைக் கரைத்துப் பார்த்தால் அன்றைக்குக் கடல்நீர் எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு என்பதுகூடத் தெரியுமாம். ஒரு விரல் தடிப்புச் சேற்றில் பல தலைமுறை.

எனக்கு இதில் அதிசயப்பட ஒன்றும் இருக்கவில்லை. மீன் பெட்டி தூக்கிய காலத்தில், பெட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரைப் பார்த்தே மீன் எத்தனை நாள் பழசு, நடுவழியில் ஐஸ் உருகி மறுபடி போட்டார்களா என்று சொல்லிவிடுவேன். விற்றவன் ஆயிரம் சத்தியம் செய்யட்டும். அடியில் கிடப்பது பொய் சொல்லாது. இதை அவளிடம் சொன்னேன். "அதேதான் அங்கிள்! அதைத்தான் நாங்களும் பண்றோம்" என்றாள். பல வருடம் படித்துக் கண்டுபிடித்ததை நான் ரப்பர் சப்பாத்தோடு நின்று கண்டுபிடித்திருந்தேன். அன்று திரும்பும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு.

அடுத்த சுமை கொண்டுபோன நாளில், குழாய்களைப் பிளப்பதைப் பார்க்க என்னை உள்ளே விட்டார்கள். ஓட்டுநர்களை விடுவதில்லை, நான் முதலாளி. குழாயின் இரண்டு பக்கத்தையும் நீளவாக்கில் அறுத்து, நடுவே ஒரு மெல்லிய கம்பியை இழுத்தார்கள். சேறு இரண்டாக விரிந்தது. சாம்பல், கரும்பச்சை, பிறகு ஒரு தவிட்டு நிறம். கத்தியால் மேலே மெதுவாக வழித்து மட்டமாக்கினார்கள். பக்கத்தில் அளவு நாடா வைத்தார்கள்.

"இது வேலைப் பாதி, அங்கிள். இதை வெட்டுவோம், கழுவுவோம், சலிப்போம். அந்தப் பாதி ஆர்க்கைவ். மேலால ஸ்கேனர் மட்டும் ஓடும், கை வைக்க மாட்டோம். நூறு வருஷம் கழிச்சு வர்றவங்க பார்க்கணும்ல?"

நான் அந்த மற்றப் பாதியைப் பார்த்தேன். குளிரான, இருட்டான அறையில் வைப்பார்கள். கண்டவர் உள்ளே போக ஏலாது. எவரும் தொடக்கூடாது. என்றென்றைக்கும் இருக்கும். இதற்கு எங்களிடம் ஒரு சொல் உண்டு: மூலஸ்தானம்.

அவர்கள் கோப்பி குடிக்கப் போனார்கள். ஜெர்மனியில் கோப்பி நேரம் வந்தால் கடலும் காத்திருக்கவேண்டும். நான் தனியே நின்றேன். என் ஏழு லொறிகளில் ஒன்றையாவது சில்லுக்கடியில் தேசிக்காய் வைக்காமல், முகப்பில் திருநீறு பூசாமல் நான் வீதியில் இறக்கியதில்லை. ஏழும் ஓடுகின்றன. பூசாமல் தொழில் தொடங்கிய என் கூட்டாளி ஒருவன் இப்போது என்னிடம் சம்பளத்துக்கு ஓடுகிறான். எங்கள் கடலின் சேறு இவ்வளவு தூரம் வந்து, முதன்முதலாகத் திறந்து கிடக்கிறது. ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அது முறையாகத் தெரியவில்லை.

சட்டைப் பையில் ஹம் கோயிலில் வாங்கிய திருநீற்றுப் பொட்டலம் இருந்தது, எப்போதும் இருக்கும். வேலைப் பாதியில் வைப்பதில் அர்த்தமில்லை, வெட்டிவிடுவார்கள். ஆகவே தொடக்கூடாத பாதியில், நாடாவில் முப்பத்தேழு என்று இருந்த இடத்துக்கு நேரே, ஒரு சிட்டிகை வைத்தேன். வெள்ளையாகத் தெரிந்தது. விரலால் மெல்லத் தேய்த்தேன். சேறு அதை உடனே வாங்கிக்கொண்டது. கும்பிட்டேன். அவர்கள் திரும்பி வந்து அந்தப் பாதியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தியபோது, நல்ல காரியம் நேரத்தோடு முடிந்தது என்று ஒரு நிம்மதி.

அதன் பிறகு சில மாதம் கோயிலில் என்னைக் கண்டு ஒளித்தவர்கள் உண்டு. "இப்ப என்ன ஏத்துறியள் அண்ணை?" என்று எவராவது தெரியாமல் கேட்டுவிட்டால், கடலின் முழுச் சரித்திரத்தையும் பந்தி முடியும்வரை சொல்லுவேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த விஞ்ஞானிப் பிள்ளை தொலைபேசி எடுத்தாள். ஹம்மில் ரயில் நின்றுவிட்டது, அடுத்தது எப்போது என்று அறிவிப்புக்காரருக்கே தெரியவில்லை. போய் ஏற்றி வந்தேன். மனைவி இறால் குழம்பும் சோறும் போட்டாள். சாப்பாட்டுக்கு நடுவே அந்தப் பிள்ளை மடிக்கணினியைத் திறந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அங்கிள், இந்த கோடு கால்சியம். ஓடு நிறைய விழுந்தா இது ஏறும். பாருங்க, தட்டையா வருது, வருது, வருது... இங்க பாருங்க!"

தட்டையான கோட்டில் ஒரே ஒரு இடத்தில் ஊசி மாதிரி ஒரு முனை எழுந்து நின்றது.

"நம்ம கடல் திடீர்னு பொங்கியிருக்கு அங்கிள். இதுவரைக்கும் யாரும் பார்க்காத செழிப்பு. மார்ச்சோட என் காண்ட்ராக்ட் முடியுது. வெள்ளிக்கிழமை மூணு வருஷத்துக்குப் பணம் கேட்டு அன்ட்ராக் போடறேன். கிடைக்கலைன்னா பெட்டியக் கட்ட வேண்டியதுதான், அவர் ஆஹென்ல, நான் தூத்துக்குடியில. ஆனா இந்த பீக் இருக்குல்ல, இதுதான் ஹீரோ."

"இது எவடம் பிள்ளை?" என்றேன்.

"நாலாவது துண்டு. முப்பத்தேழு சென்டிமீட்டர்."

திருநீறு தேய்த்த விரலைச் சோற்றிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டேன்.

"ஒண்ணுதான் இடிக்குது" என்று அவள் தொடர்ந்தாள். "செழிப்புன்னா பேரியமும் சேர்ந்து ஏறணும். இங்க கால்சியம் குதிக்குது, பேரியம் தூங்குது. அதுக்கு ஒரு விளக்கம் யோசிச்சு எழுதியிருக்கேன். ஒன்றரை பக்கம்."

என் ஒரு விரலுக்கு ஒன்றரைப் பக்கம். படித்தவர்களின் திறமையை அன்றுதான் முழுதாகக் கண்டேன்.

அவளை ரயிலேற்றிவிட்டுத் திரும்பினேன். மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, சாப்பிடேக்க ஏன் முகம் செத்துப்போச்சு?"

"முள்ளுச் சிக்கிட்டுது."

"இறாலுக்கு ஏது முள்ளு?"

சொல்லவேண்டியதாயிற்று. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"ஐயர் தந்தா நெத்தியில பூசுறது. நீங்கள் என்னத்துக்குக் கடலுக்குப் பூசினனீங்கள்?"

"நல்லதுக்குத்தானே."

"அப்ப அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ."

"விசர்க் கதை கதையாதை. அது அப்பிடியே கிடக்கட்டும். அந்த முனை இருந்தாத்தானே அவளுக்கு வேலை? சாமி பார்த்துக் குடுத்ததெண்டு வைச்சுக்கொள். கடல் வந்து சாட்சி சொல்லப்போகுதே?"

"கடல் வராது. நீங்கள் தொடாத மற்றப் பாதி கிடக்குதெல்லே? நாளைக்கு அவள் பெரிய ஆக்களுக்கு முன்னால நிண்டு சொல்லேக்க, ஒருத்தன் எழும்பி 'மற்றப் பாதியைக் காட்டு' எண்டால்? உங்கட பேர் லொறியிலதான் இருக்கும். அந்த ஆராய்ச்சியில அவளின்ர பேரெல்லே இருக்கும்."

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் நான் நல்ல காரணங்கள் தேடினேன். ஒப்பந்தம் போய்விடும். கோயிலில் சிரிப்பார்கள். இந்த வயதில் ஒரு ஜெர்மன் பேராசிரியர் முன்னால் குற்றவாளியாக நிற்பதா? ஒவ்வொரு காரணமும் என்னைப் பற்றியதாகவே வந்து முடிந்தது. செவ்வாய்க்கிழமை காலை கோட்டுப் போட்டுக்கொண்டு, சந்திப்புக்கு நேரம் கேட்டு ரெர்மின் கூட எடுக்காமல் வடக்கே போனேன்.

அவளும் அவளுடைய பேராசிரியரும் ஒரே அறையில் இருந்தார்கள். தொலைபேசியில் எனக்குக் குடிகாரராகத் தெரிந்தவர் அவர்தான். பொட்டலத்தை மேசையில் வைத்து, கோப்பை கழுவிய காலத்து ஜெர்மனில் நடந்ததைச் சொன்னேன்.

"தொட்டீங்களா?" என்றாள் அவள். "ஆர்க்கைவையா அங்கிள்?"

"ஓம் பிள்ளை."

"அவ்வளவு சொன்னேனே, யாரும் தொடமாட்டோம்னு."

"அதாலதான் பிள்ளை அதில வைச்சனான்."

அவள் எழுந்து வெளியே போனாள். கதவைச் சாத்தக்கூட இல்லை.

பேராசிரியர் பொட்டலத்தைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். கோயில் சாம்பல் என்றேன். எதை எரித்த சாம்பல்? பசுவின் சாணம். கண் இமைக்காமல் எழுதிக்கொண்டார். எவ்வளவு வைத்தீர்கள்? கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காட்டினேன். மில்லிகிராமில் சொல்ல முடியுமா என்று கேட்டார். எங்கள் கோயில்களில் அந்த வழக்கம் இன்னும் வரவில்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டாரோ தெரியாது. கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, மாதிரிகளைக் கெடுத்தவர்கள் பலரைத் தன் வேலைக் காலத்தில் பார்த்திருப்பதாகவும், தானாக வந்து சொன்ன முதலாவது ஆள் நான்தான் என்றும் சொன்னார். முதலாவது என்ற சொல் எந்த நிலைமையிலும் எனக்குப் பிடிக்கும்.

அவள் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். கையுறை போட்டிருந்தாள்.

"பொட்டலத்தைக் குடுங்க."

திருநீற்றை ஒரு சிறு தட்டில் பரப்பி அதே ஸ்கேனரின் கீழ் வைத்தாள். கால்சியம் குதித்தது. பேரியம் தூங்கியது. பிறகு வேலைப் பாதியில், அதே நாலாவது துண்டில், முப்பத்தேழாவது சென்டிமீட்டரில் ஒரு கரண்டி சேறு எடுத்துச் சல்லடையில் கழுவி, காயவைத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். கூப்பிட்டுக் காட்டுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காட்டினாள். முதலில் வேறொரு ஆழத்துச் சேறு: வெள்ளை வெள்ளையாக, பொரி மாதிரி, சுருண்ட சின்ன ஓடுகள் குவிந்து கிடந்தன. பிறகு என்னுடைய இடம். மண்துகள். அங்கொன்று இங்கொன்றாக ஓடு.

"உங்க முப்பத்தேழுல கடல் பட்டினி அங்கிள்" என்றாள்.

நான் கண்ணை எடுக்காமல் நின்றேன். பட்டினிக்கு மேல் சாம்பல் பூசிச் செழிப்பு என்று காட்டியிருக்கிறேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை என்றும் சொல்லமுடியாது. ஹம்முக்கு வந்த முதல் வருடம் ஊருக்கு அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் நான் ஒரு காரில் சாய்ந்துகொண்டு நிற்கிறேன். ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு கார். ஒன்றும் என்னுடையதல்ல. அந்த மாதங்களில் உணவகத்தில் மிஞ்சிய உருளைக்கிழங்குதான் என் இரவுச் சாப்பாடு. அம்மா அந்தப் படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாராம். அவற்றின் மற்றப் பாதியை எவரும் கேட்டதில்லை.

"பிள்ளை, பட்டினியையே எழுத ஏலாதோ?" என்றேன். அறிவுரை சொல்லும் எண்ணத்தில் அல்ல. வாயில் வந்தது, கேட்டுவிட்டேன்.

"அதைத்தான் எழுதணும். ஆனா பட்டினிக்கு யார் அங்கிள் மூணு வருஷம் குடுப்பாங்க?"

அந்த ஒன்றரைப் பக்கத்தை அவள் என் கண் முன்னாலேயே அழித்தாள். ஒரு விசையை அமர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள், எழுத்தெல்லாம் வாலிலிருந்து தின்னப்பட்டு மறைந்தது. வெள்ளிக்கிழமைவரை அவள் தூங்கியிருக்கமாட்டாள். நான் தூங்கவில்லை என்பது உறுதி, மனைவி சாட்சி.

அன்ட்ராக்குக்குப் பதில் வர மாதங்கள் எடுத்தன. மாசியில் ஒரு காலை, நான் டீசல் அடித்துக்கொண்டு நின்றபோது அழைப்பு வந்தது.

"மூணு கேட்டேன் அங்கிள். ஒண்ணு குடுத்திருக்காங்க."

"ஒரு வருசமோ?"

"ஒரு வருஷம். அந்த பீக் இருந்திருந்தா மூணும் கிடைச்சிருக்கும்."

தாங்கி நிறைந்து டீசல் குழாய் தானாக நின்றது.

"கிடைச்சிருக்கும்" என்று அவளே மறுபடியும் சொன்னாள். "அப்புறம் யாராவது கண்டுபிடிச்சிருப்பாங்க. சரி விடுங்க. பெட்டியை இன்னும் ஒரு வருஷம் கட்டிலுக்கு அடியிலயே வைக்கலாம். அடுத்த கப்பல் பங்குனியில வருது. நீங்களே ஓட்டிட்டு வருவீங்களா, ஓட்டுநரை அனுப்புவீங்களா?"

ஒப்பந்தம் போகவில்லை என்பது அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தெரிந்தது. அவள் வேறொன்றும் சொன்னாள். அந்தச் சேற்றுத் துண்டின் நிரந்தரப் பதிவேட்டில் ஒரு குறிப்பு ஏறியிருக்கிறதாம்: நாலாவது துண்டு, முப்பத்தேழு சென்டிமீட்டர், திருநீற்றால் மாசு. திருநீறு என்பதை ஜெர்மன் எழுத்தில் அப்படியே எழுதி, அடைப்புக்குள் விளக்கமும் போட்டிருக்கிறார்களாம். நூறு வருடம் கழித்து வருகிறவர்கள் அதைப் படிப்பார்கள். என் பெயர் போடவில்லை. போட்டிருக்கலாம். எழுத்து சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் வேறு பேச்சை எடுத்துவிட்டாள்.

பங்குனியில் நானே ஓட்டிப் போனேன். பின்வாசல் கதவில் வழக்கமான அறிவித்தல் ஒட்டியிருந்தது: உள்ளே உணவு கொண்டுவரக் கூடாது, பானம் கொண்டுவரக் கூடாது. அதன் கீழே புதிதாக மூன்றாவது வரி: எந்த வகைச் சாம்பலும் கூடாது. மற்ற இரண்டும் உலகத்தில் எல்லாருக்கும் பொதுவானவை. மூன்றாவது எனக்கென்றே எழுதப்பட்டது. ஒரு தனி மனிதனுக்காக ஜெர்மன்காரர் சட்டம் எழுதுவது இலேசில் நடக்கிற காரியமல்ல.

அவள் வெளியே வந்தாள். என் நெற்றியைப் பார்த்தாள். அன்று செவ்வாய்க்கிழமை, மூன்று குறியும் தடிப்பாகவே இருந்தன. ஒரு நீலத் தொப்பியை எடுத்து, என் தலையில் மாட்டி, புருவம்வரை இழுத்துவிட்டாள்.

"சட்டைப் பை?"

பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். சிறிய பிளாஸ்டிக் பையில் போட்டு, மூடி, தேதி எழுதி, வெளியே ஒரு கொளுவியில் தொங்கவிட்டாள்.

"போகும்போது வாங்கிக்கங்க. கையைப் பின்னால கட்டிக்கங்க அங்கிள்."

"இப்பிடியோ?"

"இன்னும் இறுக்கமா."

உள்ளே குழாயை அறுக்கத் தொடங்கினார்கள். ஏழு லொறிக்காரன், தொப்பி கண்ணை மறைக்க, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசையிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்றேன். ஐந்தாம் வகுப்பில்கூட நான் இப்படி நின்றதில்லை. கம்பி இழுபட்டது. சேறு விரிந்தது. மேல் முனையில் கரும்பச்சை, பிறகு நெடுந்தூரத்துக்கு ஒரே சாம்பல் நிறம்.

"எப்பிடி இருக்கு பிள்ளை?"

"இனித்தான் பார்க்கணும்" என்றாள், குனிந்தபடி. "நீங்க அங்கயே நில்லுங்க."

நின்றேன்.